பொருள் எண் நான்கு

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில்
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
திரை கட்டியிருந்தோம்.
கையெழுத்துப் போட்டவர்களுக்கு
ஆளுக்கொரு வெந்நீர்க் குடுவை,
கம்பெனியின் பெயர் பொறித்தது.
நாற்பத்தாறு குடுவைகள் தீர்ந்தன.
ஆகவே நாற்பத்தாறு பேரிடம்
கருத்துக் கேட்டாயிற்று.

குறிப்பெடுப்பது என் வேலை.
என் அண்ணன் அவர்களுக்குச் செம்புத் தாது லாரி ஓட்டுகிறான்.
அவன் மாமனார் ஒட்டகம் மேய்ப்பதோ
லாரி போகும் வழியில்.
இரண்டு பக்கமும் உறவு என்பதால்
நடுநிலையானவள் என்று என்னை எடுத்துக்கொண்டார்கள்.

பொருள் ஒன்று: வரவேற்பு.
பொருள் இரண்டு: சுரங்கத்தின் ஆயுள், முப்பத்திரண்டு ஆண்டு.
(ஆட்டின் ஆயுளை யாரும் கேட்கவில்லை.)
பொருள் மூன்று: வேலைவாய்ப்பு; படம் உண்டு,
மஞ்சள் தலைக்கவசத்தில் சிரிக்கும் பெண்,
இந்த கோபியில் பிறந்த முகம் அல்ல.
பொருள் நான்கு: கேள்விகள் இருந்தால், பத்து நிமிடம்.

கேள்வி இல்லை.
இருமல் இருந்தது.
இருமலை எழுதும் வழக்கம் இல்லை.

பிறகு துலம்சுரேன் எழுந்து வந்தாள்.
மாவுப் பையை அவிழ்த்து
எதையோ மேசைமேல் வைத்தாள்.
கல் வைத்த சத்தம்.
"மாதிரி கொண்டுவந்தீர்களா?" என்று
நிலவியலாளர் ஆவலாக எட்டிப் பார்த்தார்.
கல் என்றால் அவருக்கு உயிர்.

"ஆடு. போன வாரம் அறுத்தது.
உங்கள் சாலைக்கு நானூறு தப்படியில் மேய்ந்தது."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.
அதில் வினாக்குறி எங்கே போடுவது?

திரையில் பச்சை அம்புகள் மறுபடி ஓடின.
ஹீட்டரின் முகம் மேசைப் பக்கம்.
முதலில் ஓரங்கள் தொய்ந்தன.
பிறகு நிறம் வந்தது,
இளஞ்சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல்,
சாம்பலில் எள் இறைத்தாற்போல் கறுப்பு.
நுரையீரல் என்கிறோம்.
நுரை இல்லை.
ஈரம் மட்டும் இருந்தது, அது
மேசையின் சரிவைக் கண்டுபிடித்து
வருகைப் பதிவேட்டை எட்டியது.

நான் எடுத்திருக்கலாம். கைக்கெட்டும் தூரம்தான்.
பதினேழாம் பெயரிலிருந்து மை கரைந்தது.
செரென்பில், ஓட்கோன்பயார்,
குடுவைக்காகவே வந்த தபால்காரர்,
எவர் சம்மதம் எவருடையது என்று பிரியாமல்
ஒரே நீலம்.

மேலாளர் கந்தோமோர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.
"மார்ச்சுக்குள் சாலையில் தண்ணீர் தெளித்துவிடுவோம்."

துலம்சுரேன் எழாமலே கேட்டாள்:
"எந்தக் கிணற்றுத் தண்ணீர்?"

கூடம் அப்போதுதான் வாய் திறந்தது.
வடக்குக் கிணற்றில் கயிறு ஒரு முழம் கூடியதை ஒருவர்,
வேலிக்கு அந்தப்பக்கம் போன கன்றை ஒருவர்,
மகனுக்குக் கிடைத்த சம்பளத்தை நன்றியோடு ஒருவர்,
அவரை அதட்டியபடி அவர் மனைவி.
பத்து நிமிடம் மூன்று மணி நேரமானது.
ஆடவந்த பையன்கள் வாசலில்
பந்தைத் தட்டிக்கொண்டே நின்றார்கள்.

குறிப்பில் எழுதினேன்:
*பொருள் நான்கு. ஓர் ஆட்டின் நுரையீரல்.*
கந்தோமோர் வாசித்துப் பார்த்து
"தூசு குறித்த கவலை" என்று மாற்றச் சொன்னார்.
மறுத்தேன் என்று சொல்ல ஆசை.
மாற்றினேன்.
ஆனால் அடித்தது ஒற்றைக் கோட்டால்,
அடியில் இருப்பதை இன்னும் வாசிக்கலாம்.

கிணற்றுக் கேள்வியை அவர் தொடவில்லை.
பதில் என்ற கட்டம் காலி.
அடுத்த கூட்டம் துலம்சுரேனின் கூடாரத்தில் என்று முடிவானது;
குடுவை வேண்டாம், தேநீர் இருக்கிறது என்றாள்.

பொறுப்பு என்ற கட்டத்தை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு தன் பெயரை எழுதினார்,
பென்சிலால்.